பொய்யை விட்ட தவக்காலமும் மாவடிப்பள்ளிக் காக்காவின் வெள்ளைத்துணியும்

கிட்ட வந்து இருங்க, மெஷின் சத்தத்தில் நான் சொல்வது காதில் விழாது. தையல் தொழிலில் நூலைவிடக் கூடச் செலவாவது "நாளைக்குத் தாறன்" என்ற சொல்தான். ஊசி பிடித்துக் கண் மங்கிப்போன என் தொழில்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கல்முனை பஜாரில் முப்பது வருஷமாக நான் சோறு தின்றது அந்தப் பொய்யில்தான்.

இந்த முறை எங்கள் தவக்காலமும் முஸ்லிம் சனத்தின் நோன்பும் ஒன்றாக வந்து விழுந்தன. விபூதிப் புதன் பூசையில் பாதர் சொன்னார்: "மீனையும் இறைச்சியையும் விடுறது லேசு. உங்கட தொழில்ல இருக்கிற பொய்யை விட்டுப் பாருங்க. கேட்டதுக்கு மேல ஒரு நன்மையும் செய்யுங்க." கோவில் நிறைய ஆட்கள் இருந்தும் எனக்குத்தான் சுட்டது. கடையில் என்னோடு இருந்து காஜாவும் கைத்தையலும் செய்கிற பரீதாவிடம் சொன்னேன். கல்முனைக்குடிக்காரி, மூளை நல்ல கூர். "பெருநாள் நேரத்திலயா அக்கா? உங்கட பாதருக்கு வேற மாசம் கிடைக்கலியா?" என்றாள்.

ஒரு சொல்

சாய்ந்தமருதிலிருந்து ஒரு உம்மா மூன்று மகள்மாரின் அபாயாத் துணியோடு வந்தார். எப்போது கிடைக்கும் என்று கேட்டார். "பெருநாளைக்கு முதல் நாள் பின்னேரம்தான். அதுக்கு முந்தி ஏலாது" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "சுகமில்லையா அக்கா?" என்று கேட்டுவிட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் கழித்து அதே உம்மா சந்தையில் எதிர்ப்பட்டார். துணி தைத்தாயிற்றா என்று கேட்டேன். "எங்க தைக்கிற! குடுத்த கடையில நாளைக்கு எண்டு சொன்னாங்க. பொய்யெண்டு எனக்கும் தெரியும் அக்கா. ஆனா வீட்டுக்குப் போய் புள்ளையளிட்டச் சொல்ல ஒரு சொல் வேணுமே!"

இரண்டு அங்குலம்

வருஷா வருஷம் சட்டை தைக்க வருகிற டீச்சர் ஒருவர் இருக்கிறார். அளவு நாடாவைச் சுற்றிப் பிடித்து, "போன பெருநாள் அளவேதான் டீச்சர்" என்பேன். கொப்பியில் மட்டும் சரியான அளவை எழுதுவேன். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள், மறைக்க வேண்டாம்.

இந்த முறை நாக்கு முந்திவிட்டது. "இடுப்பு ரெண்டு இஞ்சி கூட" என்று, அவருடைய இரண்டு மச்சிமாரும் நிற்கிற இடத்தில் சொல்லிவிட்டேன். அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ச் சிரித்தார்கள். பாதர் பொய்யை விடச் சொன்ன கதையைச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். டீச்சர் நாடாவை அவிழ்த்து மேசையில் வைத்தார். "உண்மை கதைக்கச் சொன்னது சரி. கேக்காத உண்மையையும் கதைக்கச் சொன்னாரா உங்கட பாதர்?"

கேட்காத வேலை

பரீதா மகளின் காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போயிருந்த நாள் அது. மாவடிப்பள்ளியிலிருந்து ஆதம்பாவா காக்கா வந்தார். எழுபது வயது தாண்டிய வயல்காரர், ஊருக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன். இரண்டு தரம் வெள்ளாமை வெள்ளத்தோடு போனதால் தள்ளிப்போன மக்கா உம்றாப் பயணத்துக்கு மறுநாள் விடிய வெளிக்கிடுகிறார். அங்கே இடுப்பிலும் தோளிலும் சுற்றுகிற இரண்டு துண்டு வெள்ளைத்துணி கொண்டு வந்து, "ஓரம் மட்டும் அடிச்சுத் தா மகள்" என்றார்.

நான் ஓரம் அடித்தேன். பிறகு யோசித்தேன்: வயசாளி, சனத்துக்குள்ளே இடுப்புத்துணி அவிழ்ந்தால் என்ன கதி? பாதர் சொன்ன நன்மை ஞாபகம் வந்தது. ஒரு துண்டைச் சாரம் மூட்டுகிற மாதிரி இரண்டு நுனியையும் சேர்த்து மூட்டி, இரட்டைத் தையலும் போட்டு, காசு வாங்காமல் மடித்துக் கொடுத்தேன். அவரும் விரித்துப் பார்க்கவில்லை.

பின்னேரம் வந்த பரீதா, நான் சொன்னதைக் கேட்டதும் தலையில் கை வைத்தாள். "யா அல்லாஹ்! உம்றாவுக்கு இஹ்ராம் கட்டுற ஆம்பிளையள் மூட்டின துணி உடுக்கக்கூடாது அக்கா!" இத்தனை வருஷமும் அந்தத் துணிகளை அவளே வாங்கி அவளே கொடுத்ததால் எனக்குத் தெரியாமல் போயிற்று. அவளே வழியும் சொன்னாள்: "துணி மாறிப் போச்செண்டு சொல்லி வேற துணி குடுப்பம். ஒருத்தருக்கும் நட்டமில்ல." முப்பது வருஷப் பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

நோன்பு திறந்து கஞ்சிக் கோப்பை கையில் இருக்கிற நேரம் நானும் பரீதாவும் காக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறைய. "காக்கா, உங்கட துணிய நான் தெரியாம மூட்டிப் போட்டன். மன்னிக்கணும்" என்றேன். மூத்த மகன் எழும்பினான். "கேக்காத வேலைய ஏன் செஞ்சீங்க? அங்க போய் விரிச்சிருந்தா வாப்பாட கதி என்ன?" அவன் கேட்டதில் பிழையில்லை.

காக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "விடு மகன். மகள், ஏதும் பொய் சொல்லி வேற துணி தந்திருந்தா உன்ன இண்டைக்கே மறந்திருப்பன். இனி அங்க போயும் அல்லாஹ்ட்ட உனக்குத் துஆக் கேக்க வேண்டிக் கிடக்கு."

மகன் அதற்கும் அடங்கவில்லை, முறைத்துக்கொண்டே நின்றான். பரீதா கைப்பையிலிருந்து சவரப் பிளேடை எடுத்து, இரண்டாக முறித்து, ஒரு பாதியை அவன் கையில் வைத்தாள். "இஞ்ச தம்பி, வாப்பாட உம்றாவில நன்மை வேணுமெண்டா இந்தத் தையலப் பிரிங்க. கோவம் வேணுமெண்டா பிளேடத் தாங்க, உங்கட தம்பி பிரிக்கட்டும்." அவன் சம்மணமிட்டு இருந்து பிரிக்கத் தொடங்கினான். தம்பி மற்றப் பாதியைக் கேட்டு வந்தான், மருமகள்மார் நூல் பிடுங்க வந்தார்கள்.

கேட்காத நன்மையை மெஷின் மூன்று நிமிஷத்தில் தைத்துவிடுகிறது, அதைப் பிரிக்க ஒரு குடும்பமே குனிந்திருக்க வேண்டியிருக்கிறது.