கட்டை விரலால் எண்ணிய நாடி

அன்று சேலையூர் வீட்டில் இருந்தது நான், என் கணவர், பக்கத்து வீட்டு நர்ஸ் மேரி அக்கா. எட்டாவதோடு நின்ற எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் கணவருக்குத் தினமும் நாடி பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் லாரித் தண்ணீர் ஆறு குடம் மாடிக்குத் தூக்கியதும், மூச்சிரைக்கக் கணவரின் மணிக்கட்டில் கட்டை விரலை வைத்து எண்ணினேன். நூற்றிருபது! பதறி இன்னொரு மாத்திரையைப் பிரித்தேன்.

“ஏய், இரு இரு!” என்று தடுத்த அக்கா, ஆள்காட்டி விரல், நடுவிரல் என இரண்டு விரலால் அவர் நாடியை எண்ணினார். எழுபதுதான்.

“கட்டை விரல்லயும் நாடி ஓடுது. நீ எண்ணினது உன்னுது. குடம் தூக்குற உடம்புக்கு ரத்தம் அதிகமா வேணும், அதான் இதயம் வேகமா அடிக்குது. உக்காந்தா தானா இறங்கும். அந்த மாத்திரைய குடுத்திருந்தா இவருக்குத் துடிப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கும்!”

“இவ குடம் தூக்கினதுக்கு எனக்கு மாத்திரையா?” என்றார் கணவர்.

இப்போது இரண்டு விரலால்தான் எண்ணுகிறேன். குடத்தை இறக்கிவிட்டு என் நாடியையும் பார்க்கிறேன். பத்து நிமிடத்தில் அது மெல்ல இறங்கும்போது என் பயமும் இறங்குகிறது.