வெறுங்கழுத்தும் வாடகை வீடும்

கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியும் நானும் என் கணவரும் ஹைதராபாத்தில் தனித்தனியாகத்தான் இருந்தோம். சண்டை ஒன்றும் இல்லை. வீடு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நான் மாதாப்பூரில் பெண்கள் ஹாஸ்டலில், அவர் நான்கு பேச்சலர்களோடு ஓர் அறையில். இருவருக்கும் சாஃப்ட்வேர் வேலை, கையில் நல்ல சம்பளம். ஆனாலும் மாலையில் ஹாஸ்டல் வாசலில் நின்றுதான் பேசிக்கொள்ள வேண்டும். வார்டனம்மா எங்களைக் காதல் ஜோடி என்றே நினைத்து முறைப்பார்.

காரணம் என் கழுத்து. நாங்கள் தூத்துக்குடிப் பக்கம், பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள். நகை போடுவதில்லை, தாலியும் கட்டுவதில்லை. சபையார் முன்னால் கைப்பிடித்து வாக்குக் கொடுத்தால் கல்யாணம் முடிந்தது. ஞானஸ்நானம் எடுத்த வயதில் காதுத் தோட்டைக் கழற்றினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இனி இப்படித்தான் என்று கர்த்தரிடம் நானேதான் சொன்னேன். எல்லா விஷயத்திலும் பிடிவாதக்காரி என்று பெயரெடுத்தவள், அவரிடம் சொன்ன சொல்லில் மட்டும் வளைந்துகொடுக்க முடியுமா?

ஊரில் இதை யாரும் விசித்திரமாகப் பார்த்ததில்லை. ஹைதராபாத்தில் கதை வேறு. ஐ.டி. பையன்களும் பெண்களும் கல்யாணம் ஆகாமலே சேர்ந்து குடியிருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர்கள் எல்லாம் கதிகலங்கிப்போயிருந்த நேரம். தாலி இல்லை, கருகமணி இல்லை, மெட்டியும் இல்லாத ஒருத்தி "இவர் என் புருஷன்" என்றால் யார் நம்புவார்கள்? சபையில் கொடுத்த சான்றிதழ் தமிழில் இருந்தது. கல்யாண ஆல்பத்தைக் காட்டினோம். வெள்ளைச் சேலை, தலையில் பூ கிடையாது, எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கிறார்கள். பார்த்த ஒரு வீட்டுக்காரம்மா, இறந்தது யார் என்று பரிவோடு கேட்டார்.

எங்கள் புரோக்கர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் ஹைதராபாத் உருது கலந்து வரும். "கைக்கு மேடம், எதுக்கு இந்த வம்பு? சும்மா ஒரு கருகமணி வாங்கி மாட்டிக்கங்க. வீட்டுக்குள்ள போனதும் கழட்டிடுங்க" என்றார். அவர் சொன்னதில் ஆச்சரியமில்லை. போனில் அம்மாவும் அதையே சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வீட்டுக்காரவுக பாக்கைல மட்டும் போட்டுக்கோயேன். கர்த்தருக்கு உன் நெலம தெரியாதா?"

நான் தோட்டைக் கழற்றிய அன்று சபையில் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னவர் இதே அம்மாதான். "அவருக்குத் தெரியும்மா. அதான் போட மாட்டேங்கேன்" என்று போனை வைத்தேன்.

மூன்றாவதாகப் பார்த்த வீடு அல்வாலில். இரண்டு அறை, பால்கனி, எங்கள் சபைக்கு நடந்தே போய்விடலாம். வீட்டுக்காரம்மா தெலுங்குக்காரர். என் கழுத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் புரோக்கர் முந்திக்கொண்டார். சங்கிலி அறுந்துவிட்டதாம், கடையில் பற்றவைக்கக் கொடுத்திருக்கிறோமாம். அந்தம்மா உடனே முகம் மலர்ந்து, எப்போது குடிவருகிறீர்கள் என்று கேட்டார்.

நான் எதுவும் சொல்ல வேண்டாம். சும்மா நின்றால் போதும். என் கணவர் கண்ணாலேயே கெஞ்சினார். அந்த வீடு எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. அடுப்பை எங்கே வைப்பது என்றுகூட மனதுக்குள் முடிவுசெய்துவிட்டேன். ஆனால் அப்படியே நின்றால், என் விசுவாசத்தை வெளியே சொல்ல எனக்கே வெட்கம் என்று ஆகிவிடும். எனக்கு அதில் ஒரு துளிகூட வெட்கம் கிடையாது.

அரைகுறைத் தெலுங்கில் சொன்னேன். அறுவதற்கு என்னிடம் சங்கிலியே இல்லை, நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் சபையில் தாலி கட்டுவதில்லை என்று. அந்தம்மா, எங்கள் தெருவிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் ஒழுங்காகத் தாலி போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். புரோக்கர், "நக்கோ மேடம், நமக்கு வேணாம் இந்தத் தலைவலி" என்று கும்பிடு போட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

பஸ் ஸ்டாப்பில் என் கணவர் வெடித்தார். "வாயத் தொறக்காம நின்னிருந்தா இந்நேரம் நமக்கு வீடு இருக்கும். பொய் சொன்னது அவன்தான, நீயா?"

"கேட்டுக்கிட்டு நின்னா அது என் பொய்தான். நீங்களும் ஞானஸ்நானத்துல அதே தண்ணியிலதான முங்கி எந்திரிச்சீங்க?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ்ஸில் நான் அழுதேன். வீடு போனதற்காக இல்லை. இவர் என்னால் வெட்கப்படுகிறாரோ என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது ஒரு வாசலில் "டு லெட்" பலகை தொங்கியது. வீட்டுக்காரர் காஞ்சன்பாக் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற தமிழர், நெற்றி நிறைய விபூதி. அவர் பார்வையும் நேராக என் கழுத்துக்குத்தான் வந்தது. சொல்லிவிடலாம் என்று நான் மூச்சை இழுத்தேன். அதற்குள் என் கணவர் பேசிவிட்டார்.

"சார், மொதல்லயே சொல்லிருதேன். இவ என் சம்சாரம். தாலி கெடையாது, நகை கெடையாது. எங்க சபை வழக்கம் அது. இனியும் போட மாட்டா."

"அப்ப சம்சாரம்னு நான் எப்படிப்பா நம்புறது?"

"மூணு வீடு இவளாலதான் சார் போச்சு. இன்னும் இவகூடதான் சுத்துதேன். பொண்டாட்டியா இல்லாட்டி எவன் சுத்துவான்?"

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம், "ஹவ், ஆமா, இதுங்க நெஜமாவே புருஷன் பொண்டாட்டிதான். காபி போடு" என்றார்.

அவர் வீடு இல்லை என்று அனுப்பியிருந்தாலும் அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் பஸ் ஏறியிருப்பேன். இனியும் போட மாட்டாள் என்று என் கணவர் தலை நிமிர்ந்து சொல்லிவிட்டார்.