ஒல்லாந்தருக்கு இங்கிலிஸ் படிப்பித்தேன்

ஒரே பிழையை நூறாவது தடவை திருத்தும்போதும் முதல் தடவை கேட்ட மாதிரி முகத்தை வைத்திருப்பதுதான் ரீச்சர் வேலை. உங்களில் படிப்பித்துத் தொண்டை வறண்டவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருசம் அப்படி ஆங்கிலம் படிப்பித்தேன். தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்தபிறகு கையில் வாளியும் தும்புத்தடியும்தான்.

நாளைக்குப் போறன் நான்

நான் துப்புரவு வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா, அதுதான் எசமானி, ஒல்லாந்து நாட்டுக்காரி. அவளுடைய அப்பா ஹென்ட்ரிக், மனைவி இறந்தபிறகு மகளோடு வந்து இருந்தார். எழுபது வயது, ஊரில் பேக்கரி வைத்திருந்தவர். டச்சு பேசுவார், என்னோடு உடைந்த இத்தாலியன் கதைப்பார். அவுஸ்திரேலியாவில் மகனின் பிள்ளைக்குக் கலியாணம். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த அந்தப் பேத்தி, விருந்தில் அப்பப்பா பேச வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

ஒருநாள் நான் குசினி நிலம் துடைக்க, அவர் ஒரு பழைய இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "டுமாரோ கோ ஐ டு த சேர்ச்" என்று சத்தமாகச் சொன்னார். டச்சில் அப்படித்தானாம், நாளை என்று தொடங்கினால் வினை முந்திக்கொள்ளும். என் வாய் சும்மா இருக்குமா? "டுமாரோ ஐ கோ" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"வாளியை வைச்சிட்டு இதிலை இருங்கோ. நிலம் எப்பவும் இருக்கும், கலியாணம் மூண்டு மாசத்திலை."

வில்

ஒரு மாதம் போனதும் மனுசன் பயந்துவிட்டார். சபையில் நாக்குழறினால் பேத்திக்கு வெட்கம், போகாமல் விடுவோம் என்று முடிவெடுத்தார். அவள் தொலைபேசி எடுத்தபோது, "ஐ வில் கம், பட்" என்று தொடங்கினார். டச்சில் 'வில்' என்றால் விருப்பம். வர விருப்பம், ஆனால் முடியாது என்று சொல்ல நினைத்திருக்கிறார். அங்கே அவளுக்கு 'பட்' கேட்கவேயில்லை. சந்தோசத்தில் கத்தியது எனக்கே கேட்டது.

"இங்கிலிசிலை நீங்கள் வாறன் எண்டு சொல்லிப்போட்டியள்" என்று விளங்கப்படுத்தினேன். தொலைபேசியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"எழுபது வருசமா விருப்பத்தைச் சொன்ன சொல்லு, இண்டைக்கு என்னைப் பிளேனிலை ஏத்திப்போட்டுது."

சிஞ்ஞோரா கண்டுபிடித்தது

'டூ', 'டஸ்' இரண்டும் அவர் வாயில் நுழையவே மறுத்தன. "கிளீன்ஸ் ஷீ?" என்றுதான் கேட்பார். இரண்டு வாரமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் சிஞ்ஞோரா வழமையைவிட முந்தி வீடு வந்தாள். வாளி ஒரு மூலையில், நான் கதிரையில்.

"துடைக்கத்தானே வந்தனீங்கள்?" என்றாள். எனக்கு முகம் சுட்டது. எழும்பப் போனேன். ஹென்ட்ரிக் கையைக் காட்டி என்னை இருத்திவிட்டு, மகளைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "ஷீ டஸ் நொட் கிளீன் நவ். ஷீ டீச்சஸ்."

காலம் பிழை. 'இஸ் டீச்சிங்' என்று வந்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் வேண்டுமென்றே திருத்தாமல் விட்ட பிழை அது ஒன்றுதான். சிஞ்ஞோரா அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாளையிலை இருந்து பாடம் முதல், துடைக்கிறது பிறகு."

கசெற்

கலியாணம் முடிந்து அவர் வீடியோ கசெற்றோடு வந்தார். நான் தினமும் தூசு தட்டும் சோபாவில் என்னை இருத்திப் போட்டுக் காட்டினார்கள். தாள் இல்லாமல் ஐந்து நிமிசம் பேசினார். பேத்தி அழுதாள். நான் பிழை எண்ணிக்கொண்டிருந்தேன், பழக்கதோசம்; இரண்டே இரண்டு. கடைசியில் யாரோ எங்கே படித்தீர்கள் என்று கேட்க, "மை டீச்சர் இஸ் ஃப்ரம் ஜஃப்னா" என்றார். அதற்குப் பிறகு எனக்குப் படம் தெளிவாகத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் பல்லரோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே இதை என் மனுசனுக்குச் சொன்னேன். அவர் கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒல்லாந்தர் எங்கடை ஊரிலை கோட்டை கட்டினவை. நீ இஞ்சை இருந்து ஒரு ஒல்லாந்தரை ஒழுங்கா வசனம் கட்ட வைச்சிட்டாய்!"

இவ்வளவுக்கும் பிறகு புதுப்பித்து வந்த என் பெர்மெஸ்ஸோவில், அதுதான் வதிவிட அனுமதிப் பத்திரத்தில், தொழில் 'வீட்டு வேலை' என்றே இருந்தது. அரசாங்கத்தின் பிழையில் சிவப்பு மையால் கோடு போட எந்த ரீச்சருக்கும் அனுமதியில்லை.