பானே

ஆங்கில ஆனர்ஸில் இடமில்லை என்று காலேஜில் கைவிரித்துவிட்டார்கள். இத்தாலிய ஆனர்ஸில் இருந்தது. நிறையவே இருந்தது, யாரும் சேரவில்லை. அந்த மொழிமேல் எனக்குச் சிறுவயதிலிருந்தே தாகம் என்று பிற்காலத்தில் பலரிடம் அளந்திருக்கிறேன். சுத்தப் பொய். வெறுங்கையோடு ராயபுரம் திரும்பினால் ஹார்பர் வேலைக்கு அனுப்பிவிடுவார்களே என்ற பயத்தில் சேர்ந்தேன். வகுப்பில் முதல் மாணவனும் நான், கடைசி மாணவனும் நான்.

பேராசிரியர் வெள்ளைக்காரர், ஆனால் இத்தாலிக்காரர் இல்லை. பழங்காலக் காதல் பாட்டு என்றால் உயிரை விடுவார். அதற்குப் பிறகு இத்தாலியில் எவனும் வாயைத் திறந்ததாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வருஷத்தில் காதலியின் கண்ணை வர்ணிக்க ஏகப்பட்ட சொல் கற்றுக்கொண்டேன். அவளுக்குப் பசித்தால் என்ன சொல்வாள் என்று தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் அக்கா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். அவள் புருஷன், நான் மாமா என்று கூப்பிடுபவர், ஹார்பரில் சரக்கு இறக்கும் கூலி. இத்தாலிக் கப்பல் ஒன்றிலிருந்து செம்புப் பானையைத் திருடிவிட்டார் என்று கேட்டில் மடக்கி, மேஸ்திரி அவர் பித்தளை பில்லையைப் பிடுங்கிக்கொண்டாராம். பில்லை இல்லாதவனை ஹார்பருக்குள் விடமாட்டார்கள். கப்பல் துரை திருட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போலீஸ் வேறு.

"சமையல்காரன் தான் எட்த்துக்கோன்னு சொன்னானாம். அவன் பேசறது இங்க எவனுக்கும் பிரியல. நீ அந்தக் கருமத்தைத் தானே படிச்சிகினு கீறே, வாடா!" என்றாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு குழந்தைகள். என் படிப்பை முதல்முறையாக ஒருவர் நம்புகிறார், அதுவும் இந்த நேரம் பார்த்து.

கேட்டில் பிடித்த மாமாவைக் கப்பலுக்கே இழுத்து வந்திருந்தார்கள்; தட்டில் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். சுற்றிலும் இருபது கூலிகள், நடுவில் பானை. ‘பெருந்தகையே, என் துயரைக் கேள்’ என்று ஆரம்பிக்கத்தான் எனக்குத் தெரியும். அப்படியே ஆரம்பித்தேன். கல்மண்டபம் மார்க்கெட்டில் வஞ்சிரம் விலையை வெண்பாவில் கேட்டால் மீன்காரம்மா எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தார் துரை.

சமையல்காரனிடம் திரும்பி, இவரிடம் காலையில் நீ என்ன சொன்னாய் என்று தட்டுத்தடுமாறிக் கேட்டேன். மேஜையைக் காட்டி, மிச்சமிருந்த ரொட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன் என்றான். சொன்ன வார்த்தையையும் சொல்லிக் காட்டினான்.

"பானே."

முதல் நாள் பாடம். அவர்கள் மொழியில் பானே என்றால் ரொட்டி. எங்கள் ராயபுரத்திலோ பானையை எல்லாரும் பானே என்றுதான் சொல்வோம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவன் ரொட்டியைச் சொன்னான், மாமாவுக்குப் பானை என்று கேட்டது, திருட்டே இல்லை! இதைத் துரைக்கு விளக்கினேன். அவர் நம்பவில்லை. சரி, இவர்களையே கேளுங்கள் என்று கூலிகள் பக்கம் திரும்பி, அந்தச் செம்புப் பாத்திரத்தைத் தட்டி, "இது இன்னா?" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். பானை மாதிரியும் இருந்தது, குண்டான் மாதிரியும் இருந்தது. கடவுளே, எவனும் குண்டான் என்று சொல்லிவிடக்கூடாதே! முன்வரிசையில் ஒருவன் "குண்…" என்று இழுக்கவே ஆரம்பித்துவிட்டான். அதற்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் "பானே!" என்று பிளிறியது. உடனே இருபது பேரும் "பானே! பானே!" என்றார்கள். சமையல்காரன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். துரையும் சிரித்துவிட்டார். பில்லை திரும்பி வந்தது. போதாக்குறைக்கு மாமாவுக்கு ஒரு முழு ரொட்டியும் கிடைத்தது.

வீட்டுக்கு நடக்கும்போது என் கால் தரையில் படவில்லை. "ரொட்டின்னு அவன் சொன்னது உனக்குப் பானைன்னு கேட்டுச்சு பாரு மாமா, ஒரே ஒரு வார்த்தை!" என்று நாலாவது தடவையாக ஆரம்பித்தேன். ரொட்டியை மென்றுகொண்டே அவர் என்னைப் பார்த்தார்.

"மச்சான், எட்டு வருசமா இத்தாலிக் கப்பல்ல மூட்ட தூக்கறேன். பானேன்னா ரொட்டின்னு எனக்குத் தெரியாதா? உப்புக்கு சாலே. வெங்காயத்துக்கு சிபொல்லா. ஒங்கொக்கா செம்புப் பானே வேணும்னு உசுர எட்த்தா, தூக்கினேன். ஒளிச்சா திருட்டு, அதான் தலமேல வச்சிகினு வந்தேன்."

வெங்காயத்துக்கு என்ன சொல் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் பின்னாலிருந்து வந்த அந்த முதல் "பானே" மாமாவின் குரல் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அசடு வழிய நின்றேன். பிறகு கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இவ்ளோ தெரியுமில்ல, நீயே சொல்லியிருக்கலாமே! என்னை ஏன் இழுத்தே?"

"நான் அவன் பாஷைல பேசினா, தெரிஞ்சிகினே திருடினான்னு உள்ள தள்ளுவான். நீ பேசினா படிச்ச புள்ளன்னு சிரிப்பான்," என்றார். "அதுக்குத் தானே ஒன்ன படிக்க அனுப்புனது?"

சுருக்கென்று தைத்தது. அவர் கையிலிருந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.