அளவு ஜாக்கெட்

திண்டுக்கல் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு விளம்பர வாசகம் எழுதுவது என் உபதொழில். முக்கியத் தொழில் நகைச்சுவைக் கட்டுரை. சிரித்தவர்கள் யாரும் இதுவரை அகப்படவில்லை. எலும்பும் தோலுமான மாடல் பெண்களை மேடையேற்றலாமா என்று ஊருலகம் சண்டையிட்டபோது நானும் ஒன்று எழுதினேன். எதிர்ப்பதெல்லாம் குண்டானவர்களின் பொறாமை என்பது அதன் சாரம். என் தொப்பையை வைத்துக்கொண்டு எழுதியதால் அதை நடுநிலை என்று நம்பினேன்.

பிறகு அந்தக் கடை, சின்னாளபட்டிச் சேலைகளைப் படமெடுக்க உள்ளூர்ப் பெண்களைத் தேடியது. தையற்காரர் அளவு ஜாக்கெட் கேட்டார். யார் உடுத்துவது என்று முடிவாகாததால், முதலாளி வாசலில் நின்ற பொம்மையின் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். முதுகில் ஊசி குத்தி இறுக்கியது அது. தையற்காரர் அந்த மடிப்பு அளவு மாறாமல் பத்து தைத்தார். வந்த பெண்களில் ஒருவருக்கும் அது சேரவில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு மட்டும் ஏறக்குறையச் சேர்ந்தது.

"ஒரு கொக்கிதான்ப்பா மாட்டல. மூணு வாரத்துல மாட்டிருவேன்."

நான் பெருமையாகத் தலையாட்டினேன். இரண்டாம் வாரமே கொக்கி மாட்டியது. பிறகு ஜாக்கெட் தளர்ந்தது. அவள் பட்டினியை நிறுத்தவில்லை. தட்டில் வைத்த சோறு, வைத்தபடியே திரும்பிப் போனது.

படமெடுக்கும் நாள் மதியம், சாப்பாட்டுத் தூக்கோடு கடையின் மாடிக்குப் போனேன். கரண்ட் இல்லை. ஜன்னலோரம் வரிசையாகச் சேலை உடுத்திய உருவங்கள்.

"வா தாயி, செத்த நேரம் உக்காந்து சாப்டு" என்று ஓர் உருவத்தைக் கூப்பிட்டேன்.

"அது பொம்மைப்பா" என்றது, பொம்மை என்று நான் கடந்துவந்த ஒன்று.

என் மகள் இமைக்காமல் நின்றிருந்தாள். முதுகில் இரண்டு ஊசி. கையைப் பிடித்தேன். சித்திரை வெயிலில் பக்கத்துப் பொம்மையின் கைகூடச் சுட்டது. இவள் கை சில்லென்றிருந்தது.

ஊசிப்பெட்டியோடு நின்ற தையற்காரரிடம், "பிள்ளை சாப்டட்டும். சாப்ட்டா உடம்பு வைக்கும், ஜாக்கெட்டக் கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்றேன்.

"உள்ள துணியே விடல சார். பொம்மை அளவுதான? அது எங்க பெருக்கப் போகுது?" என்றவர், புதிதாகத் தைக்கலாம் என்று டேப்பை அவள் இடுப்பில் சுற்றினார். பார்த்தார். அவிழ்த்து மறுபடி சுற்றினார். நோட்டில் எழுதவில்லை.

"கொறஞ்சிருக்காண்ணே?" என்று கேட்டாள். பரீட்சை மார்க் கேட்கும் ஆசை அந்தக் குரலில்.

அவர் என்னைப் பார்த்தார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க சார்."

படம் வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு அவளை ஸ்கூட்டரில் ஏற்றினேன். கோபத்தில் அவள் தள்ளி உட்கார்ந்தாள். என்னைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. வண்டியில் ஆள் ஏறிய பாரமே தெரியவில்லை. வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்தி, கையைப் பின்னால் நீட்டித் துழாவினேன்.

"இருக்கேன்ப்பா, ஓட்டுங்க" என்றாள்.

மூன்றாம் முறையும் நிறுத்தினேன்.