அண்ணியின் பத்து நகங்கள்

பிரசவ ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைக் குளிப்பாட்டும் அறை. ஒரு புதுத் தாய், அவளே இன்னும் சின்னப் பெண் மாதிரிதான் இருந்தாள், தன் குழந்தையின் வாயோரம் வழிந்த பாலைத் துடைக்கப் போனாள். ஆசையாக நீளமாய் வளர்த்திருந்த நகம் குழந்தையின் கன்னத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டது. மயிரிழை அளவுதான் சிவப்பு. குழந்தை வீல் என்று கத்தியது. அந்த நேரம் பார்த்து அவளுடைய மாமியார் உள்ளே வந்தார்.

"யாரு பண்ணினது இது? பிள்ளையைத் தூக்கத் தெரியாட்டியும் கீறத் தெரிஞ்சுபோச்சா?"

அந்தப் பெண் தன் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்த ஆயாம்மா, "என் நகந்தாம்மா பட்டிருக்கும். பாருங்க, எப்படிப் பிளந்து கெடக்குன்னு" என்று கையை நீட்டினார். நீட்டிவிட்டு மறுபடியும் துண்டை மடிக்க ஆரம்பித்தார்.

அந்த ஆயாம்மாவின் புருஷனுக்கு ஒரு தங்கை, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். அவளுக்கு ஆயாம்மா அண்ணி. தாயும் தகப்பனும் போனபிறகு சின்னவளுக்கு அண்ணன் வீடுதான் வீடு. அண்ணன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அவர்களுடைய ஒரே மகள் கட்டிக்கொடுத்துப் போய்விட்டாள். சின்னவளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. புருஷன் கடல் தாண்டி வேலை பார்க்கிறான். அவனிடம் போவதற்கு அனுமதி வரும்வரை அவள் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, தையல் கடையில் பட்டன் கட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணி வழக்கமான பேச்சில்லாமல் வந்து உட்கார்ந்தார். சின்னவள் தோண்டித் துருவிக் கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாமியார்க்காரி விடவில்லை, பெரிய சிஸ்டர் வரைக்கும் போய்விட்டார். அண்ணியை சலவை அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

"நீங்க ஏன் அண்ணி அந்தப் பழியைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டீங்க?"

"பச்சை உடம்புக்காரிடி அது. என் நகம் ஏற்கெனவே பேர் கெட்டதுதானே. இன்னொண்ணு சேர்ந்தா என்ன குறைஞ்சுபோச்சு?"

அண்ணன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நல்லாயிருக்கு. நாளைக்கு என் பஸ் போய் எதுலயாவது இடிச்சாலும் 'என் நகந்தான் பட்டிருக்கும்'னு சொல்லிடு. எனக்கும் நிம்மதி" என்றார்.

அண்ணியும் சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை என்பதைச் சின்னவள் பார்த்தாள்.

பிள்ளைகளைக் குளிப்பாட்டும் அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகுமுன் ஆயாக்கள் எல்லோரும் வரிசையாக நின்று கையை நீட்ட வேண்டும். பெரிய சிஸ்டர் ஒரு பஞ்சுச் சுருளை எடுத்து ஒவ்வொரு விரல் நுனியிலும் லேசாக இழுத்துப் பார்ப்பார். ஒரு இழை மாட்டினாலும் அன்றைக்கு அந்த ஆயா பிள்ளைகளைத் தொடக்கூடாது. அண்ணியின் நகங்களோ காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாகப் பெயரும். நாளெல்லாம் தண்ணீரும் சோப்பும் பட்ட கை. இதுவரை ஓரத்தைக் கடித்துத் துப்பிவிட்டு எப்படியோ சமாளித்து வந்தார். இப்போது பெரிய சிஸ்டர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "உன்மேல எனக்குக் கோபமில்லம்மா. பத்து விரலும் பஞ்சைப் பிடிக்காத அன்னிக்கு வா. உன் இடம் உனக்குத்தான்."

"சலவை அறையிலயும் சம்பளம் அதேதானே அண்ணி?" என்று சின்னவள் சமாதானம் சொல்லப் பார்த்தாள்.

"சம்பளத்தை விடு. ஒரு பிள்ளையைக் கழுவித் துடைச்சு, அது கண்ணை முழிச்சு நம்மளை ஒரு பார்வை பார்க்கும் பாரு. கடவுள்கிட்டேருந்து வந்து இன்னும் வாசனைகூடப் போகாத ஜீவன். அதை முதல்ல தொட்டு வாங்கற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அதைப் போய் என் கையாலயே கெடுத்துக்கிட்டேனே" என்றார் அண்ணி. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் வாயால் கிண்டல் பண்ணுவாரே தவிர மனசு பொறுக்காதவர். மறுநாளே கடையிலிருந்து ஒரு சின்னக் குப்பி வாங்கி வந்தார். பூசினால் நகம் இரும்பாகும் என்று கடைக்காரர் சொன்னாராம். அண்ணி ராத்திரி சாப்பாட்டுக்குப்பின் பயபக்தியோடு பூசிக்கொண்டார். ஆனால் ஆஸ்பத்திரிக்கு நகப்பூச்சோடு போகக்கூடாது. அதனால் காலையில் கிளம்புமுன் இன்னொரு குப்பியை எடுத்து, மூக்கைத் துளைக்கும் திராவகத்தால் எல்லாவற்றையும் அழிப்பார். ராத்திரி பூச்சு, காலையில் அழிப்பு. பூசுவதைவிட அழிப்பதில்தான் அவருக்கு அக்கறை அதிகம், பெரிய சிஸ்டருக்குப் பயந்து தேய்தேய் என்று தேய்ப்பார். கொஞ்ச நாளில் நகம் இரும்பாகவில்லை, கண்ணாடியாகிவிட்டது. கதவுத் தாழ்ப்பாளில் பட்டாலே விரிசல் விட்டது.

"இது என்னடி, மருந்து போடப் போட நோவு வளருது?" என்று அண்ணி கேட்டபோது, சின்னவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்தாள்.

டாக்டரம்மா நகத்தைப் பார்த்தார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். உடம்பில் இரும்புச்சத்து குறைந்திருந்தது. அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "ரெண்டு குப்பியையும் தூக்கிப் போடுங்க. ஒண்ணு விறைக்க வைக்குது, ஒண்ணு காயவைக்குது. ஈரத்துல வேலை செய்யறப்ப உறை போடுங்க, ரப்பர் உறைக்குள்ள பருத்தி உறை. கையைக் கழுவினதும் எண்ணெய் தடவுங்க. நகத்தை ஒட்ட வெட்டி, அரத்தை ஒரே பக்கமா இழுங்க. டப்பா மூடியை நகத்தால நெம்பாதீங்க" என்றார்.

"எப்பம்மா சரியாகும்?"

"கெட்ட நகம் சரியாகாதும்மா. அடியிலிருந்து நல்லது வளர்ந்து வந்து அதைத் தள்ளணும். மாசக்கணக்கில ஆகும்."

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு பாத்திரத் தொட்டியடியில் போய் நின்றாள். "இனிமே இந்தப் பக்கம் நீங்க வரக்கூடாது அண்ணி. துணியும் நான்தான்."

"என்னை ராணியா உட்காரவெச்சு அழகு பார்க்கப் போறியா? ரெண்டு நாள் பண்ணுவே."

ரெண்டு நாளில் நிற்கவில்லை. சின்னவள் தையல் கடையில் மீந்த மெல்லிய பருத்தித் துணியில் அண்ணியின் கை அளவுக்கு உறை தைத்தாள். தையல் விரலை உறுத்தாமலிருக்க மடிப்பை வெளிப்பக்கமாக வைத்துத் தைத்தாள். சாயங்காலம் வேலை முடிந்து அண்ணி வந்தால், அவர் கையைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு நகத்துக்கும் அதன் அடிச் சதைக்கும் எண்ணெய் வைத்து நீவிவிடுவாள். அப்போது அண்ணிக்கு அந்த அறை ஞாபகம் வந்துவிடும். விரல்களுக்கு அங்கே பார்த்த பிள்ளைகளின் பேரை வைத்துவிட்டார். சுண்டுவிரல் கொட்டாவிக்காரன். நடுவிரல் தும்மல்ராணி. வலது கட்டைவிரல்தான் அழுமூஞ்சி, எல்லாவற்றுக்கும் முதலில் உடைவது அதுதான்.

அண்ணன் பஸ்ஸை விட்டுவிட்டு வந்ததும் முதல் கேள்வி, "என்ன, அழுமூஞ்சி இன்னிக்கு எப்படி இருக்கான்?" என்பதுதான்.

"தூங்கறான். சத்தம் போடாதீங்க" என்பார் அண்ணி.

நகத்தின் அடியில் வெள்ளைப் பிறைக்கு மேலே வழவழவென்று புதுசு கிளம்பியது. பழசுக்கும் புதுசுக்கும் நடுவே வரப்பு மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடு மேலே ஏறுவதை இருவரும் பயிர் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். கொஞ்சம் அவசரப்பட்டு அண்ணி ஒருநாள் பெரிய சிஸ்டரிடம் போய்க் கையை நீட்டிவிட்டார். ஒன்பது விரல் தப்பியது. அழுமூஞ்சி ஒரு இழையைப் பிடித்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத ஒற்றை இழைதான். சிஸ்டர் அதை எடுத்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார்.

அன்று அண்ணி சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சின்னவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி வேண்டிக்கிட்டீங்க?"

"ஒண்ணும் வேண்டலைடி. அவர் எனக்குப் பொறுமை சொல்லிக்கொடுக்கறார். நான் மக்குப் பிள்ளை, மறுபடி மறுபடி அதே வகுப்பில உட்கார்ந்திருக்கேன். அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்று கையை நீட்டினார்.

மறுபடியும் எண்ணெய், உறை, மாத்திரை. இடையில் சின்னவளுக்கு அனுமதி வந்துவிட்டது. பயணத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. போவதற்குள் அண்ணியை அந்த அறைக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது. தினமும் ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து அழுமூஞ்சியின் மேல் இழுத்துப் பார்ப்பாள். ஒருநாள் பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. மறுநாளும் போனது. பழைய நகத்தின் கடைசித் துண்டை அவளே வெட்டி எடுத்தாள்.

"நாளைக்குப் போய் நீட்டுங்க அண்ணி."

"பயமா இருக்குடி."

"பயமா இருந்தா கண்ணை மூடிக்குங்க. நீட்டவேண்டியது கையைத்தானே."

மறுநாள் அண்ணி வேலை முடிந்து திரும்பும்போது தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. நடையே வேறாக இருந்தது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "பத்தும் போயிடுச்சுடி! சிஸ்டர் ரெண்டு தரம் இழுத்துப் பார்த்தாங்க. அப்புறம் அவங்களே ஒரு பிள்ளையைத் தூக்கி என் கையில குடுத்தாங்க. தலை நிறைய முடி. பெருசா கொட்டாவி விட்டுது பாரு, என் வயிறே குளிர்ந்துபோச்சு" என்றார். சின்னவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அண்ணன் உள்ளேயிருந்து, "அழுமூஞ்சி குணமாயிட்டான், அந்த அழுகை வீட்டுக்காரிக்கு ஒட்டிக்கிட்டுதே" என்றார்.

அடுத்த வாரம் சின்னவள் கிளம்பினாள். அவள் முதல் விடுமுறைக்கு வருவதற்குள் அண்ணி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை அந்த அறையில்தான் வேலை பார்த்தார். ஆக, விமான நிலைய வாசலில் பார்த்ததே கடைசிப் பார்வை.

அன்று அங்கே பெட்டியை அண்ணன் தள்ளிக்கொண்டு முன்னால் போக, அண்ணி சின்னவளின் இரண்டு கைகளையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இத்தனை மாதம் இரண்டு பேர் வேலைக்கும் சேர்த்துத் தண்ணீரில் கிடந்த கை. நகங்கள் ஓரமெல்லாம் பிளந்து, ஏடு பெயர்ந்திருந்தன. சின்னவளே அதைக் கவனித்திருக்கவில்லை. அண்ணி ஒவ்வொரு விரலையும் தடவிக்கொண்டே இருந்தார். பயணிகளை உள்ளே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதும் விடவில்லை.

"உன் நகத்தை எடுத்து எனக்குக் குடுத்துட்டியேடி" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போ. அங்க போனதும் கொஞ்ச நாளைக்குப் பாத்திரமெல்லாம் உன் வீட்டுக்காரரையே கழுவச் சொல்லு. முகத்தைத் தூக்கினார்னா, எங்க அண்ணி உத்தரவுன்னு சொல்லு."