இரண்டு பத்மாவதிகள்

ஏர்பேட்டுக்கு மேலே விமானம் பறந்தால் முன்பெல்லாம் வயலில் வேலை ஒரு நிமிடம் நின்றுபோகும். அம்சவேணி ஐந்தாம் வகுப்பு படித்தபோது, அதே ஊரில் இருந்து நான் எழுதிவந்த குறிப்பேட்டின்படி, வாரத்துக்கு ஏழெட்டு முறைதான் அந்தச் சத்தம் கேட்டது. இப்போது ஒரே நாளில் அதைவிட அதிகம், யாரும் நிமிர்வதில்லை. அவள் தகப்பன் கருப்பன் மட்டும் பார்ப்பார். பிறர் நிலத்தில் கூலிக்குப் போகிற அவர், 2022 டிசம்பர் 23-ல் மகள் ரேணிகுண்டா விமான நிலையத்தில் சேர்ந்ததும் டீக்கடையில் சொன்னார்:

"எம்பொண்ணு பிளேன்ல வேல செய்யுது."

"இன்னா வேல, ஓட்டுதா?"

"தள்ளுது."

"பிளேனயா?"

"வீல்சேரய்யா!"

விமானங்கள் பெருகியதும் சக்கர நாற்காலி கேட்பவர்களும் பெருகினார்கள். மலைக்கோயிலுக்கு நடந்து ஏறியவர்களுக்குத் திரும்பும்போது முழங்கால் மடங்காது. ஆள் வைப்பது ஒரு ஒப்பந்தக்காரர். ஆறு மாதம் புகார் இல்லாமல் கழிந்தால் வேலை நிரந்தரம். அந்த வீட்டில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய முதல் ஆள் அவள்தான்.

கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. 2023 ஜூன் 14, புதன்கிழமை. ஹைதராபாத் விமானம் 12.40-க்கு, விசாகப்பட்டினம் விமானம் 12.55-க்கு. இரண்டுக்கும் ஒவ்வொரு மூதாட்டி, தனியாக. இருவருக்கும் மொட்டைத் தலை, தலை நிறையச் சந்தனம், மடியில் லட்டுப் பை. பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஹைதராபாத் சீட்டு அம்சவேணியிடம் இருந்தது. மற்றது அவளோடு வேலை செய்யும் முனிரத்தினத்திடம்.

"பத்மாவதம்மாவா?" என்று அம்சவேணி கேட்டாள்.

"அவுனம்மா" என்று தெலுங்கில் சொல்லித் தலையாட்டினார் முன்னால் இருந்தவர்.

தள்ளிக்கொண்டு போய், கைத்தாங்கலாகப் படியேற்றி, இருக்கையில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினாள். முனிரத்தினம் வெளிறிய முகத்தோடு எதிரே வந்தான்.

"அக்கா, இந்தம்மா ஹைதராபாத்துக்கு எப்ப கூப்புடுவாங்கன்னு கேக்குது."

"பேரு?"

"பத்மாவதி."

அம்சவேணி கண்ணாடி வழியே பார்த்தாள். விமானத்திலிருந்து படியை இன்னும் நகர்த்தவில்லை.

"சும்மா இருந்துடுக்கா" என்றான் அவன். "சீட்டு சரியாத்தான இருக்குது. அங்க போயி எறங்கினப்புறம் யாரு மாத்தினாங்கன்னு எவனுக்குத் தெரியும்? உனுக்கு ஒம்போது நாளுதான் பாக்கி."

"அந்தம்மா தெரியாத ஊர்ல யார்கிட்ட போயி நிக்கும்?"

ஓடினாள். மேற்பார்வையாளர் ஹேமநாத் தொலைபேசியில் இருந்தார்.

"சார், பிளேன நிறுத்துங்க. ஆள மாத்தி ஏத்திட்டேன்."

"பேரு கேக்கலியா?"

"கேட்டேன் சார். ரெண்டு பேருமே பத்மாவதி."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். விசாகப்பட்டினத்துப் பத்மாவதியை இறக்கி, ஹைதராபாத்துப் பத்மாவதியை ஏற்றியபோது விமானத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் தாமதம். இறங்கியவருக்கு நடந்தது எதுவும் புரியவில்லை. அதற்குள் ஊர் வந்துவிட்டதா என்று தெலுங்கில் கேட்டார். தாமதத்துக்கு எழுத்தில் காரணம் சொல்லியாக வேண்டும்; அவள் பெயர்தான் எழுதப்பட்டது. அன்று மாலையே ஒப்பந்தக்காரர் அம்சவேணியின் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மறுவாரம் பங்காருபாளையம் மண்டியில் மாங்காய் தரம் பிரிக்கப் போனாள். டீக்கடையில் யாரும் கருப்பனைச் சீண்டவில்லை. அவரும் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 7, திங்கள், காலை 9.20. ஹேமநாத் அழைத்தார். புதிதாக இரண்டு விமானங்கள் வரப்போகின்றன, நாற்காலி தள்ள ஆள் போதவில்லை, ஒப்பந்தக்காரரிடம் பேசிவிட்டேன் என்றார்.

"சார், நான் ஆள மாத்தி ஏத்தினவ."

"நீ வந்து சொல்லலன்னா அது எனக்கு எப்டி தெரியும்? வியாழக்கெழம வா. ஆறு மாசம் மொதல்லேர்ந்துதான், சொல்லிட்டேன்."

"நைனாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன் சார்."

அந்த ஆறு மாதம் 2024 பிப்ரவரி 9-ல் புகாரில்லாமல் முடிந்தது. இப்போது அவள் யாரிடமும் முதலில் பெயர் கேட்பதில்லை, ஊரைத்தான் கேட்கிறாள். போன மாதம் என் தங்கையை வழியனுப்பப் போயிருந்தேன். தங்கை சக்கர நாற்காலியில் உட்காரும் முன்பே அம்சவேணியிடமிருந்து கேள்வி வந்தது.

"எந்த ஊருக்கும்மா போறீங்க?"

"ஏன், கேக்கலன்னா வேற ஊருக்கு ஏத்திடுவியா?" என்றாள் தங்கை.

"ஒரு தடவ ஏத்திட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, சீட்டை வாங்கி ஊர்ப்பெயரை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள்.